டப்பாவில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முந்தைய வாரங்களில் இங்குள்ள டிசைனர்களுக்குத் தூக்கம் குறைவு. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கும் அப்போதுதான் போன் ஓயாது. "அக்கா, ஸ்க்ரீன்ல எல்லாம் பெருசு பெருசா தெரியுது. போட்டோஷாப்ல படத்தை நகர்த்தினா இழுத்து இழுத்து வருது" என்று ஒரு பையன் தவிப்பான். "புதுசா ஓஎஸ் போட்டீங்களா தம்பி?" என்பேன். பெரும்பாலும் முந்தின நாள்தான் யாரோ ஃபார்மேட் அடித்துக் கொடுத்திருப்பார்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொல்வேன். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரிக்குக் கீழே கார்டின் பெயர் இல்லாமல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது, கரண்ட் போகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஆனால் அதனிடம் வேலை வாங்கத் தெரிந்த மென்பொருள் சிஸ்டத்தில் இல்லை. திரையில் ஏதாவது தெரிய வேண்டுமே என்று விண்டோஸ் வைத்திருக்கும் தற்காலிக ஏற்பாடு அது. வேண்டிய மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம்.

போட்டோஷாப்போ, வீடியோ எடிட்டிங் மென்பொருளோ, விளையாட்டோ எதுவும் கார்டிடம் நேரடியாகப் பேசுவதில்லை. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் போன்ற பொதுவான முறைகளில் 'இந்த முக்கோணத்தை வரை, இந்த நிறத்தை நிரப்பு' என்று கேட்கும். அதை அந்தக் குறிப்பிட்ட சிப்புக்கு மட்டும் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது டிரைவர். எங்கள் ஊரில் ஆஃப்செட் மெஷினை வாங்கி இறக்கினால் மட்டும் போதாது, அந்த மாடலில் கை பழகிய மெஷின்மேன் வேண்டும். கார்டுக்கு டிரைவர் அப்படி. ஒவ்வொரு தலைமுறைச் சிப்பும் உள்ளே வேறு மாதிரி கட்டப்பட்டது என்பதால், ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றுக்கு ஆகாது.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கார்டின் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே சிப் வேறாக இருக்கும். என்விடியாவின் ஜிடி 730 என்ற கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன டிசைன் சென்டர்களில் இன்றும் நிறைய ஓடுகிறது. அதே பெயரில் ஃபெர்மி தலைமுறைச் சிப் வைத்த கார்டும் வந்தது, அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப் வைத்த கார்டும் வந்தது. ஃபெர்மிக்கு 390 வரிசையோடு டிரைவர் நின்றுவிட்டது. கெப்ளருக்கு 470 வரிசை வரை உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடி 730-க்கு 470 வரிசை டிரைவரை இறக்கிய ஒரு தம்பிக்கு, பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் இல்லை என்று இன்ஸ்டாலர் திரும்பத் திரும்பச் சொல்லியது. கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டான். கார்டு நன்றாகத்தான் இருந்தது. அது ஃபெர்மி.

இதைக் கண்டுபிடிக்கக் கார்டைக் கழற்ற வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு எண்வரிசை வரும். அதில் 'வெண்டார்' என்பதன் சுருக்கத்துக்குப் பின்னால் இருப்பது சிப் தயாரித்த நிறுவனத்தின் எண்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். தனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 8086 ப்ராசஸரின் எண்ணையே இன்டெல் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த சங்கதி. அடுத்த நான்கு இடங்கள் சிப்பின் எண். அந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் டவுன்லோட். என் கடையில் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதுதான், ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதெல்லாம் பிறகு.

எண்ணையும் மீறி ஏமாற்றும் கார்டுகள் உண்டு. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். உள்ளே இருப்பது 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450-ஆக இருக்கலாம். நிறுவனத்தின் அசல் டிரைவரைப் போட்டதும் இந்த வேஷம் கலையும். திரை கறுக்கும், அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 43' நிற்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட என்விடியா கார்டுகளைப் போலி என்றே காட்டுகிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கப் போகிறவர்கள் அதைப் பென்டிரைவில் கொண்டுபோய், விற்பவர் கண்முன்னே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பத்து இடத்தில் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் பிள்ளைகள் இதில் ஏமாறுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். லேப்டாப் என்றால் முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளம். 'உங்கள் டிரைவர்களை எல்லாம் அப்டேட் செய்கிறோம்' என்று கூப்பிடும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். டிரைவர் என்பது விண்டோஸின் அடித்தளம் வரை நுழைய அனுமதி பெற்றது. 2022 பிப்ரவரியில் என்விடியாவின் கணினிகளுக்குள் புகுந்த லாப்சஸ் என்ற கும்பல், அந்த நிறுவனம் மென்பொருளில் கையெழுத்திடும் சான்றிதழ்களைத் திருடி வெளியிட்டது. காலாவதியானவைதான், ஆனாலும் சீக்கிரமே அவற்றால் கையெழுத்திட்ட தீய மென்பொருள்கள் உலவத் தொடங்கின. எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில் அதன் பிறகு நான் இன்னும் கண்டிப்பாகிவிட்டேன்.

டிரைவர் போடும்போது நெட் கேபிளைக் கழற்றிவிடுகிறேன். இல்லையென்றால் பழைய டிரைவர் போன அடுத்த நிமிஷமே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடும். பழைய டிரைவரின் மிச்சம் தகராறு செய்கிறது என்று தோன்றினால் சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் சுத்தமாகத் துடைப்பேன். சும்மா பதிப்பு மாற்றுவதற்கு இவ்வளவு வேண்டாம், இன்ஸ்டாலரிலேயே 'கிளீன் இன்ஸ்டால்' என்பதில் டிக் போட்டால் போதும். நடுவில் திரை சில நொடிகள் கறுத்து, மறுபடி வரும். அந்த நேரத்தில்தான் பயந்துபோய் பவர் பட்டனை அழுத்துகிறார்கள். தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். பாதியில் நின்ற டிரைவர், டிரைவரே இல்லாததைவிட மோசம்.

புதிய பதிப்பு வந்ததும் போட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 பதிப்பால் சில கார்டுகளில் ஃபேன் சரியாகச் சுற்றாமல் சூடேறி, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஆல்பம் வேலை நடக்கும் சிஸ்டத்தில் நடுசீசனில் டிரைவர் மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என்விடியா 2019 முதல் விளையாட்டுக்கு ஒன்று, டிசைன், எடிட்டிங் வேலைக்கு ஸ்டூடியோ என்று ஒன்று எனத் தனித்தனியாகத் தருகிறது. எங்கள் ஊர் வேலைக்கு ஸ்டூடியோ. அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு வந்தால் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருக்கிறது, முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம்.

'டிஸ்ப்ளே டிரைவர் செயலிழந்து மீண்டுவிட்டது' என்ற செய்தி பலரையும் குழப்புகிறது. கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும் ஏற்பாடு விஸ்டா காலத்தில் விண்டோஸுக்கு வந்தது. அப்போது அதற்கு நல்ல தேவையும் இருந்தது. 2007-இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் கிட்டத்தட்ட 29 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள் காரணம் என்று மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் சொன்னது அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளியே வந்தது. இன்று என் மேஜைக்கு வரும் சிஸ்டங்களில் அந்தச் செய்திக்குக் காரணம் அதிகமும் வேறு: தூசி, சூடு, சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வரும். ஆறு பின் என்றால் இன்னும் 75, எட்டு பின் என்றால் 150. ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சடித்த மலிவு எஸ்எம்பிஎஸ், ரெண்டரிங் தொடங்கியதும் மூச்சு வாங்கும். பழி டிரைவர்மேல் விழும். டிசைன் வேலை பார்க்கும்போது ஒழுங்காக இருந்து, வீடியோ ஏற்றும்போது மட்டும் விழுந்தால் டிரைவரைத் தொடும் முன் கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்கள், ஹீட்சிங்க்கைப் பாருங்கள், முடிந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்கள்.

திரை மட்டும் திடீரென உறைந்துவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஃபைலைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு. புதுக் கார்டு போட்டும் வேகமே இல்லை என்பவர்கள் சிஸ்டத்தின் பின்பக்கம் போய், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இருக்கிறதா கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கெப்ளர் கார்டுகளுக்குப் புதிய டிரைவர்கள் 2021-இல் நின்றன. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-இல் முடிந்தன. அதற்காக ஓடுகிற கார்டைத் தூக்கிப்போட எல்லோராலும் முடியாது. நான் சரிசெய்து அனுப்பும் பழைய சிஸ்டம் ஒவ்வொன்றிலும், அதற்குப் பொருந்திய டிரைவர் இன்ஸ்டாலரை டி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்து, பதிப்பு எண்ணையும் சிப் எண்ணையும் கேபினட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுகிறேன். "இது எதுக்கும்மா?" என்று கேட்ட அச்சக அண்ணாச்சி ஒருவர், பிறகு எஸ்எஸ்டி மாற்றியபோது எனக்குப் போன் செய்தார். மூடியைக் கழற்றி எண்ணை வாசிக்கச் சொன்னேன். அவர் கடைப் பையனே டிரைவரைப் போட்டுவிட்டான்.