கையறிந்து வரைந்த பாலம்

சினிமாவில் கொல்கத்தாவைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஹவுரா பாலத்தைத்தான் காட்டுவார்கள். அதே ஹூக்ளி ஆற்றில் சில கிலோமீட்டர் தெற்கே, பிரின்செப் படித்துறையை ஒட்டி நிற்கிறது வித்யாசாகர் சேது. வங்கச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் பெயர் தாங்கிய இந்தக் கேபிள் பாலத்துக்கு அந்தப் புகழில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கட்டப்பட்ட விதத்தைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது புரியும்.

1972 மே 20-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கட்டுமான வேலை தொடங்கியதோ 1979 ஜூலையில். பாலம் திறக்கப்பட்டது 1992 அக்டோபர் 10-ம் தேதி. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே 20 வருடங்கள் ஓடிவிட்டன.

இந்தத் தாமதம் ஒரு உலக சாதனையைப் பறித்துக்கொண்டது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இந்தப் பாலத்தின் நீளம் 457 மீட்டர். இந்த வகையில் அப்போது முன்னணியில் இருந்த, எழுபதுகளின் நடுவில் திறக்கப்பட்ட பிரான்ஸின் செயின்ட் நசேர் பாலம் 404 மீட்டர்தான். ஆக, வித்யாசாகர் சேது காலத்தோடு முடிந்திருந்தால் உலகின் மிக நீளமான கேபிள் பாலம் நம்முடையதாக இருந்திருக்கும். 1986-ல் கனடாவின் வான்கூவர் பக்கத்தில் 465 மீட்டரில் அலெக்ஸ் ஃபிரேசர் பாலத்தைத் திறந்தார்கள். 1991-ல் நார்வேயில் ஒரு பாலம் 500 மீட்டரையும் தாண்டிவிட்டது.

சாதனை போனால் போகட்டும். வடிவமைப்பில் இருக்கும் யோசனையை யாரும் பறிக்க முடியவில்லை.

வரைந்தவர் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துப் பொறியாளர் யோர்க் ஷ்லைஷ். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் வலைக்கூரையில் பங்காற்றியவர். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இத்தகைய பாலங்களுக்குத் தளம் முழுவதையும் எஃகுத் தகடால் செய்து, அடியில் விலா எலும்புகள் போலப் பட்டைகளை வெல்டிங் வைத்து இணைப்பார்கள். அதையே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய தரமான எஃகும், அத்தனை நுணுக்கமான வெல்டிங்கும் அன்றைய இந்தியாவில் எளிதாகக் கிடைக்கவில்லை. இங்கே இருந்தது ரிவெட் அடிக்கும் கை. ஹவுரா பாலத்தையே ரிவெட் அடித்து எழுப்பிய ஊர் அல்லவா! ஷ்லைஷ் அந்தக் கையை நம்பி வரைந்தார்.

ரிவெட் வேலை உடம்பை வாட்டும் வேலை. ஆணியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, இரண்டு தகடுகளின் துளைகள் நேராக அமையும் இடத்தில் செருக வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துப் பிடிக்க, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சூடு ஆறுவதற்குள் அடித்துக் குமிழாக்க வேண்டும். ஆணி குளிரும்போது சுருங்கும். அந்தச் சுருக்கமே தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். தரையிலிருந்து 120 மீட்டருக்கும் மேலே உயரும் இரண்டு எஃகுக் கோபுரங்களும் இப்படித்தான் எழுந்தன.

தளத்துக்கு அவர் கண்ட வழி இன்னும் அழகு. கேபிள்கள் கோபுர உச்சியிலிருந்து விசிறியாக விரிந்து, சாய்வாக வந்து தளத்தைப் பிடிக்கின்றன. சாய்வாக இழுப்பதால் தளத்தைத் தூக்குவதோடு கோபுரத்தை நோக்கி நெருக்கவும் செய்கின்றன. நெருக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டிக்காரன், விலையும் குறைவு. அதனால் எஃகுக் கர்டர்களால் சட்டம் அமைத்து, மேலே சுமார் 23 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டு, இரண்டையும் ஒன்றாகச் சுமை தாங்க வைத்தார். ஏழை நாட்டுக்கான சிக்கனமாகத் தோன்றிய இந்த முறை பிறகு பணக்கார நாடுகளிலும் பரவியது. வான்கூவர் பாலத்தின் தளமும் இதே வகைதான்.

கொல்கத்தாவும் அவரைச் சும்மா விடவில்லை. இங்கே கண்ட வறுமை, ஏழை நாடுகளுக்கு மலிவாக மின்சாரம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது. ஸ்பெயினின் மன்சனாரஸில் சுமார் 195 மீட்டர் உயரத்தில், வெயிலில் சூடாகி மேலே ஏறும் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சோதனைக் கோபுரத்தை எண்பதுகளின் தொடக்கத்தில் எழுப்பினார். 2021-ல் மறைந்தார்.

பாலத்துக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பழுதான கேபிள்களை மாற்றும் வேலை சமீப ஆண்டுகளில் நடந்துவருகிறது. அதற்காகப் போக்குவரத்தைக் குறைக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் முழுவதுமாக நிறுத்தியும் இருக்கிறார்கள். ஒரு கேபிளைக் கழற்றும்போது பக்கத்துக் கேபிள்கள் அதன் சுமையை ஏற்றுக்கொள்ளும். இந்த வகைப் பாலத்தின் பெரிய வசதி அது. கரையோரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. நடுப்பகுதி 457 மீட்டர், ஓரப்பகுதிகளோ தலா 183 மீட்டர்தான். நடுவில் பாரம் ஏறினால் ஓரங்கள் மேலே எழும்பப் பார்க்கும். அவற்றைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கத் தனிக் கேபிள்கள் இருக்கின்றன. அவற்றையும் கவனித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்போக நேர்கிறவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்புதான். ஆனாலும் இந்த வேலைக்கு வேண்டிய நாளையும் பணத்தையும் அரசு குறைக்கக் கூடாது. கட்டி முடிக்க 20 வருடம் இழுத்தடித்தது போலப் பராமரிப்பையும் இழுத்தடித்தால், ஒரு நாள் ஹவுராவுக்கும் கொல்கத்தாவுக்கும் நடுவே ஓடும் அத்தனை லாரியும் பேருந்தும் மறுபடியும் அந்தப் பழைய ஹவுரா பாலத்தின் தலையில்தான் போய் விழும்.