ஒரு குட்டிக்கரணத்துக்கு எத்தனை புள்ளி?

மணப்பட்டுக் கடற்கரைப் பக்கம் மாலையில் சென்றால் சில நாட்களில் ஒரு காட்சியைக் காணலாம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் மணல் மேடு. அதன் சரிவில் பழைய லாரி டயர் ஒன்றைப் பாதி புதைத்து வைத்திருப்பார்கள். சிறுவர்கள் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். டயரில் ஒரு மிதி. அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம். மணலில் தொப்பென்று இறக்கம்.

அன்று அவர்களுக்குள் ஒரு சண்டை. ஒருவன் எல்லோரையும்விட உயரமாக எழும்பி, ஒன்றரைச் சுற்றுக்கு முயன்று, மணலில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் போட்டது சாதாரணக் கரணம்தான். ஆனால் ஆணி அடித்தாற்போல் நின்றான். யார் வென்றது? நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன் என்று அவர்களுக்குத் தெரியும். "சார், நீங்க சொல்லுங்க. ஒலிம்பிக்ஸ்ல எப்படி சார் மார்க் போடுவாங்க?" என்று ஒருவன் கேட்டான்.

எளிதான கேள்வியன்று. ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் உண்டு. நீளம் தாண்டலுக்கு அளவு நாடா உண்டு. குட்டிக்கரணத்தை எந்தக் கருவியால் அளப்பது? மனிதக் கண்ணால்தான் அளக்கிறார்கள். கண்ணை நம்பகமான அளவுகருவியாக ஆக்குவது எப்படி என்பதுதான் ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர் முறையின் வரலாறு முழுவதும்.

முன்னாளில் முழு மதிப்பெண் 10. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி அந்தப் பத்தையும் பெற்றபோது, மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டினார்கள். பார்த்தவர்கள் திகைத்ததில் வியப்பில்லை. ஆனால் பத்தோடு நின்றுவிடும் அளவுகோலில் ஒரு குறை உண்டு. கடினமான வித்தையைச் செய்தவரும் அதைவிடக் கடினமானதைச் செய்தவரும் அதே உச்சியில் முட்டிக்கொள்வார்கள். தராசில் பத்துக் கிலோ கல் வரைதான் இருந்தால் பன்னிரண்டு கிலோ மூட்டையை எப்படி நிறுப்பது?

2004-இல் ஏதென்ஸ் நகரில் வேறொரு குறை வெளிப்பட்டது. தென்கொரியாவின் யாங் டே-யங் இணைக் கம்பிகளில் செய்த பயிற்சிக்குத் தொடக்க மதிப்பு 10 என்று கொள்ள வேண்டியதை நடுவர்கள் 9.9 என்று கொண்டுவிட்டார்கள். அந்தப் பத்தில் ஒரு புள்ளி இருந்திருந்தால் கணக்குப்படி அவர் முதலிடம். கிடைத்ததோ மூன்றாம் இடம். அமெரிக்காவின் பால் ஹாம், யாங்கைவிட 0.049 புள்ளி கூடுதலாக எடுத்துத் தங்கம் பெற்றார். விளையாட்டு நடுவர் மன்றம் வரை வழக்குச் சென்றும் முடிவு மாறவில்லை.

2006 முதல் மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று கடினப் புள்ளி: செய்த வித்தை எவ்வளவு அரிது என்பதற்கு, விதிநூலில் அச்சிட்ட விலைப்பட்டியலின்படி. இதற்கு உச்சவரம்பு இல்லை. மற்றொன்று செயல்திறன் புள்ளி. இது 10-இல் தொடங்கிக் கீழே இறங்கும். முழங்கால் சற்று மடங்கினால் சிறு பிழை, 0.1. நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் முழுதாக 1.0. இரண்டையும் கூட்டினால் வருவதே மதிப்பெண். 2016 ரியோ ஒலிம்பிக்கில் செயல்திறனைக் கணக்கிட ஐந்து நடுவர்கள் தனித்தனியே கழித்தார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு நடு மூன்றின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஐந்து முறை அளந்து, ஒட்டாத அளவீட்டை ஒதுக்குகிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே வேலைதான்.

இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைக் காண நம் நாட்டுப் பெண்ணைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். பாதம் தட்டையாக இருந்ததால், தாண்டுவதற்கும் இறங்குவதற்கும் ஏற்றவரல்லர் என்று கருதப்படக்கூடிய குழந்தை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பாதத்தைப் பயிற்சியாலேயே வளைத்தெடுத்தார். 1964-க்குப் பின் 52 ஆண்டுகள் இந்தியாவிலிருந்து ஒருவர்கூட ஜிம்னாஸ்டிக்ஸுக்காக ஒலிம்பிக் சென்றதில்லை. அந்த இடைவெளியை 2016-இல் முடித்துவைத்தவர் தீபா. பெண்களில் அவரே முதல்வர்.

அவர் கையில் எடுத்த வித்தைக்குப் 'புரொடுனோவா' என்று பெயர். 1999-இல் அதைச் செய்துகாட்டிய ரஷ்ய வீராங்கனை யெலெனா புரொடுனோவாவின் பெயர் அது. ஓடி வந்து, உந்து பலகையில் மிதித்து, 125 சென்டிமீட்டர் உயரத் தாண்டு மேசையில் தலைகீழாகக் கை ஊன்றி, அங்கிருந்து தள்ளி எழும்பி, முன்புறமாக இரட்டைக் குட்டிக்கரணம் போட்டுக் காலில் இறங்க வேண்டும். செய்தித்தாள்கள் இதை 'மரணத் தாண்டல்' என்றன. மிகையான பெயர்தான் என்று நினைத்திருந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கும் வரையில்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். கை மேசையை விட்டு நீங்கும்போது உடலின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். இறங்கும்போது குந்திய நிலையில் அந்த மையம் 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எறிபொருளுக்கான சமன்பாட்டில் இவற்றை இட்டால் அந்தரத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.95 விநாடி என வரும். ஒரு விநாடிகூட இல்லை! தலைகீழ் நிலையிலிருந்து தொடங்குவதால் அதற்குள் சுற்ற வேண்டியது இரண்டரைச் சுற்று. அதாவது நிமிடத்துக்கு 157 சுற்று என்ற வேகம்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? கை மேசையை விட்ட பிறகு அவரைத் திருப்ப வெளியிலிருந்து எந்த விசையும் இல்லை. ஆகவே கோண உந்தம் மாறாது. ஆனால் கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறனையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. உடலைப் பந்துபோல் சுருட்டினால் நிலைமத் திருப்புத்திறன், நீட்டிய உடலுக்கு உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. சுழற்சி அதே மடங்கு விரைகிறது. சுழல் நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளிலும் கனமான புத்தகங்களை நீட்டிப் பிடித்தபடி சுற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு கைகளை மார்போடு சேருங்கள். தலை கிறுகிறுத்தால் விதி மெய்ப்பட்டது என்று பொருள்.

இங்கே ஓர் இடைச்செருகல். ஒரே வடிவ உடல்களை ஒப்பிட்டால் நிறை உயரத்தின் மும்மடியாகவும், நிலைமத் திருப்புத்திறன் ஐந்தாம் அடுக்காகவும் கூடும். உயரம் பத்து சதவீதம் கூடினால் திருப்புவதற்குள்ள தடை 61 சதவீதம் கூடிவிடும். தேர்வாளர்கள் குள்ளமான, சின்னஞ்சிறு பிள்ளைகளையே தேடி ஓடியதன் காரணம் இதுதான். 1997 முதல் அந்த ஆண்டில் 16 வயது நிறைவோரே பெரிய போட்டிகளில் பங்கேற்கலாம் என்று பெண்களுக்கு விதி செய்தார்களே, அது இயற்பியல் காட்டிய ஆசையிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கு.

புரொடுனோவாவுக்குத் திரும்புவோம். சுருண்ட உடலை எப்போது விரிப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பின்புறக் கரணத்தில் கால் தரையைத் தொடுமுன் கண் தரையைப் பார்த்துவிடும். முன்புறக் கரணத்தில் அந்த வசதி கிடையாது. ஏறக்குறையக் குருட்டு இறக்கம். சராசரி வேகத்தின்படியே 0.1 விநாடிப் பிசகு என்பது கால் சுற்றுப் பிசகு. குறைவாகச் சுற்றினால் கழுத்தில் விழலாம். அதிகமாகச் சுற்றினால் முன்னே உருளலாம். சரியாக இறங்கினாலும் மெத்தையைத் தொடும் வேகம் விநாடிக்கு 6.3 மீட்டருக்கு மேல். 30 சென்டிமீட்டர் தாழ்வதற்குள் அந்த வேகத்தை நிறுத்தினால் கால்கள் தாங்குவது சராசரியாக உடல் எடையைப்போல் எட்டு மடங்கு. அதனால்தான் அந்த இறக்கம் அவ்வளவு ஆழ்ந்த குந்தலாக முடிகிறது. குந்தல் ஆழமானால் நடுவர் கழிப்பார்.

இவ்வளவு ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? விலைப்பட்டியலைப் பாருங்கள். 2016-இல் புரொடுனோவாவின் கடினப் புள்ளி 7.0. தீபாவின் மற்றொரு தாண்டலான, இரண்டு முறுக்குச் சுற்றுகள் கொண்ட சுகஹாராவுக்கு 6.0. ஒரு முழுப் புள்ளி வேறுபாடு! சற்று அழகு குறைந்தாலும் ஆதாயம்தான்.

2016 ஆகஸ்ட் 14 இறுதிப் போட்டியில் நடந்ததும் அதுவே. முதல் தாண்டலில் 6.0-உடன் செயல்திறன் 8.866 சேர்ந்து 14.866. இரண்டாவது புரொடுனோவா. மிகத் தாழ்ந்த இறக்கம், ஆயினும் விழவில்லை. 7.0-உடன் 8.266 சேர்ந்து 15.266. இரண்டின் சராசரி 15.066. அதே போட்டியில் உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிதினா, 41 வயதில், இதே தாண்டலை முயன்றார். இறங்கிய பிறகும் சுழற்சி எஞ்சி நின்றதால் முன்னே உருண்டு, ஏழாம் இடத்துக்குப் போனார்.

வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஷ்டைங்ரூபர் எடுத்தது 15.216. தீபா நான்காமவர். வேறுபாடு 0.150 என்று எல்லாரும் எழுதினார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அது இரண்டு தாண்டல்களின் சராசரியில் உள்ள வேறுபாடு. கூட்டுத்தொகையில் அது 0.300. விதிநூலின் மொழியில் ஒரு நடுத்தரப் பிழை. அந்தக் குந்தல் சற்று மேலே நின்றிருந்தால் பதக்கத்தை எட்டிப் பிடித்திருப்பார் என்று சொல்வது மிகையாகாது. நடுவர்கள் அநியாயம் செய்தார்கள் என்று சிலர் அன்று பேசினார்கள். எண்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இறக்கத்தை விழுந்ததாகக் கொண்டிருந்தால் இன்னும் ஒரு புள்ளி போயிருக்கும், போகவில்லை. 2017-இல் விலைப்பட்டியல் திருத்தப்பட்டபோது புரொடுனோவா 6.4-க்கு இறங்கியது, வேறு பல தாண்டல்களும் இறங்கின. ஆபத்துக்குக் கொடுக்கும் விலையை விதி செய்வோரே கூட்டிக் குறைக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மதிப்பெண் இப்படி. இனி, யாரை அனுப்புவது? பெரிய நாடுகளுக்கு இது சுவையான கணக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் அணிக்கு ஐவர். அணி இறுதிப் போட்டியில் பெண்களின் நான்கு கருவிகளிலும் கருவிக்கு மூவர் செய்வர். மூவரின் புள்ளியும் சேரும். நால்வரைத் தேர்ந்தாயிற்று, ஓர் இடம் மீதி என்று கற்பனை செய்யுங்கள். அந்த நால்வரில் மூன்றாமவர் எடுக்கும் புள்ளி தாண்டலில் 13.5, இணைக் கம்பியில் 13.3, சமநிலைக் கட்டையில் 13.4, தரைப் பயிற்சியில் 13.3. ஐந்தாம் இடத்துக்கு இருவர். 'அ' எல்லாவற்றிலும் 13.2, மொத்தம் 52.8. 'ஆ' முறையே 14.6, 11.5, 11.8, 14.2, மொத்தம் 52.1. நம் ஊர்ப் பரீட்சை முறைப்படி 'அ'வுக்கே இடம். ஆனால் 'அ' வந்தால் அணிக்கு ஒரு புள்ளியும் கூடாது. 'ஆ' வந்தால் தாண்டலில் 1.1, தரையில் 0.9, ஆக இரண்டு புள்ளி கூடும். முதல் மதிப்பெண் வாங்கியவர்களை வரிசையாகப் பொறுக்கினால் சிறந்த அணி அமையாது. 2024-இல் அமெரிக்கப் பெண்கள் தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு மட்டும் நேரடி இடம் தந்து, மற்றவர்களைக் குழு அமர்ந்து முடிவு செய்தது இதனால்தான்.

நமக்கு இந்தக் கவலை வரவில்லை. அணியாகத் தகுதி பெறும் நிலையில் நாம் இல்லை. ஒருவர் தனியாக இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாண்டலில் வல்லவரான தீபாவும் 2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் நான்கு கருவிகளிலும் சேர்த்து 52.698 புள்ளி எடுத்த பிறகே உள்ளே போனார். டோக்கியோவுக்குப் பிரணதி நாயக் ஆசிய ஒதுக்கீட்டின் வழியே சென்றார். பாரிஸுக்கு நம்மவர் ஒருவரும் இல்லை.

நாட்டுக்குள்ளேயும் ஓர் அளவுகோல் உண்டு. 2023 ஆசிய விளையாட்டுக்கான அரசு விதி இது: தனிநபர் போட்டிகளில் முந்தைய 12 மாதங்களில் காட்டிய திறன், 2018 ஆசிய விளையாட்டில் எட்டாம் இடம் பெற்றவருடையதைவிடக் குறையக் கூடாது. உல்லாசப் பயணமாக ஆட்களை அனுப்புவதைத் தடுக்க நல்ல விதிதான். தீபா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 21 மாதத் தடையில் இருந்தவர். தடை அந்த ஆண்டு ஜூலையில் முடிந்ததும் புவனேசுவரத்தில் நடந்த தேர்வுப் போட்டியில் முதலிடம் பெற்றார். ஆனால் முந்தைய 12 மாதங்களில் காட்ட அவரிடம் எண்ணே இல்லை. அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, பிரணதி சென்றார். தடைக்குத் தண்டனை அனுபவித்தது நியாயம். ஆனால் அளவீடு இல்லை என்பதும் அளவு பூச்சியம் என்பதும் ஒன்றல்ல என்று முதலாண்டு மாணவர்களுக்கே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். பத்து மாதம் கழித்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில், ஆசியச் சாம்பியன் போட்டியின் தாண்டல் தங்கத்தை 13.566 புள்ளியுடன் தீபா வென்றார். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

மணப்பட்டில் அன்று ஐந்து சிறுவர்களை நடுவர்களாக உட்கார வைத்து, மணலில் கழித்தல் கணக்கு எழுதச் சொன்னேன். இரட்டைக் கரணம் மட்டும் கூடாது என்று முதலிலேயே கண்டித்துச் சொல்லிவிட்டேன். கூட்டாளிக்குச் சலுகை காட்டிய ஒருவனின் எண் ஒவ்வொரு முறையும் தள்ளுபடியானது. அவனுக்கு அது ஏன் என்று புரிய மூன்று சுற்று ஆயிற்று. உயரமாகப் பறந்து உட்கார்ந்தவன் மட்டும் என்னருகில் வந்து, "சார், உக்காந்தா எவ்ளோ போவும்?" என்றான்.

"ஒரு புள்ளி."

"மேல கூட ஒரு சுத்து சுத்துனா?"

"அது எந்தக் கரணம் என்பதைப் பொறுத்தது."

அவன் சிறிது நேரம் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, இறங்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் மணலை அள்ளிக் கொட்டப் போனான்.