செவிலியர் காலனிக்கு வந்தாரா? கைப்பேசியில் இல்லாத கட்டம்

உங்கள் ஊரில் துணை சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது? ஊருக்குள்ளா, காலனியிலா, இரண்டுக்கும் நடுவே சாலையோரத்திலா? விழுப்புரம், கடலூர் பக்கம் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'ஊருக்குள்' என்பதுதான். காலனியிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் ஊர்த் தெரு வழியாக நடக்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணி அந்தத் தெருவில் எத்தனை கண்களைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் மற்றவர்களை விட நமக்கு அதிகம் வேண்டியவர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற விதிப்படி தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது, பிரசவம் முடிந்த வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அவரைக் கண்காணிக்கப் பகுதி சுகாதார செவிலியர், அவருக்கு மேலே சமுதாய சுகாதார செவிலியர், அதற்கும் மேலே வட்டார மருத்துவ அலுவலர் என்று ஏணி போகிறது.

முன்பெல்லாம் மேற்பார்வை என்றால் பதிவேடுதான். மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்குவார், பேரேட்டைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். இப்போது அந்த வேலையைக் கைப்பேசியும் கணினியும் செய்கின்றன. 2008-ல் தமிழக அரசு 'பிக்மி' என்ற கணினிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண் உண்டு. எந்த மாதத்தில் என்ன பரிசோதனை நடந்தது, என்ன விட்டுப் போனது என்பதை மாவட்டத் தலைநகரில் இருந்தபடியே பார்த்துவிடலாம். 2017-ல் பிறப்புப் பதிவோடும் இது இணைக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் (14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம்) இந்தப் பதிவுதான் வாசல். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், தன்னார்வலர் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார் என்பது செயலியில் ஏறுகிறது.

இதை நாம் வரவேற்கிறோம். பேரேட்டில் வராத வருகையை வந்ததாக எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது. கணினியில் ஒரு கர்ப்பிணி பதிவாகாமல் விட்டால் பணம் வராது, பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வரும், கேள்வி எழும். அந்த வகையில் ஏழைக்கு இது லாபம்தான்.

ஆனால் இந்த முறை எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்று பார்க்க வேண்டும்.

கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் எழுதி 2006-ல் வெளியான கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஆய்வு நூல் ஒன்று இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கணக்கு அது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்கிறது. பின்னர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. மருந்து கொடுக்கிறார்கள், ஆனால் கையில் படாமல் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறார்கள், ஆனால் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். சேவை மறுக்கப்பட்டதா என்றால் இல்லை. கிடைத்ததா என்றால் அதுவும் முழுதாக இல்லை.

இப்போது அந்த வாசலில் நிற்கும் பணியாளர் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுங்கள். என்ன மாறும்? காலனி முனையில் வேப்பமரத்தடியில் நின்று, "எல்லாரும் இங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டு மாத்திரை கொடுத்தாலும் வருகை பதிவாகிவிடும். மரத்தடிக்கு வர முடியாமல் கடைசி வீட்டில் கால் வீங்கிப் படுத்திருப்பவளுக்குச் செயலியில் தனிக் கட்டம் இல்லை. செயற்கைக்கோள் காட்டும் இடப்புள்ளியும் உதவாது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே சில இடங்களில் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. அந்த முந்நூறு மீட்டரில்தான் நம் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

சதவீதமும் இதை மறைத்துவிடும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 60 கர்ப்பிணிகள். அவர்களில் 48 பேருக்கு நான்கு பரிசோதனையும் முடிந்தது. 80 சதவீதம், அதிகாரி திருப்தி. அதையே பிரித்துப் பாருங்கள். ஊரில் 40 பேரில் 38 பேருக்கு முடிந்தது, காலனியில் 20 பேரில் 10 பேருக்கு முடிந்தது. ஊருக்கு 95, காலனிக்கு 50. இரண்டையும் கூட்டிக் குழைத்தால் 80 என்ற நல்ல பிள்ளை வெளியே வரும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21-ல் தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் உங்கள் தெருவின் பங்கு எவ்வளவு என்று எந்த அதிகாரியிடமாவது கேட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கர்ப்பிணிப் பதிவில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிறர் என்று குறிக்கும் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம் சாதி கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கேட்டு வாங்கிய அந்தத் தகவலை மாதக் கூட்டத்தில் வைத்து, 'காலனியில் மட்டும் ஏன் குறைகிறது?' என்று கேட்பதுதான் நடப்பதில்லை. புதிதாக மென்பொருள் வாங்க வேண்டாம், கோடி செலவழிக்க வேண்டாம். இருக்கிற கணக்கைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்தால் போதும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. இங்கே நாம் அந்தச் சொல்லை எழுதுவது, மக்கள் வாயில் இன்னும் அதுதான் இருக்கிறது என்பதால். பெயர் மாறட்டும். அதோடு சேர்த்துக் கணக்கில் நம் தெருவும் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவாரியாகப் பார்ப்பதன் அருமையை வேங்கைவயல் நமக்குக் காட்டியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை எப்படி வெளியே வந்தது? குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையில் குடிநீரைச் சந்தேகித்தார்கள். பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் தளத்தில், காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றைக் களப் பணியாளரே கிராம வாரியாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அந்தப் பதிவு குடியிருப்பு வரை இறங்கினால், ஒரே தெருவில் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றவுடன் வட்டாரத்தில் யாராவது எழுந்து உட்காருவார்கள். 'கிராமத்தில் நாலு பேர்' என்று மட்டும் போனால் அது வழக்கமான எண்ணிக்கை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். கண்காணிக்கப்படுகிற அந்தப் பெண்கள் யார்? தன்னார்வலர்களில் நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வாங்குவது ஊதியம்கூட இல்லை, ஊக்கத்தொகை. காலனிப் பெண் ஒருத்தி ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவுக்குப் போனால் என்ன நடக்கும்? சில வீடுகளில் திண்ணையோடு சரி. சில வீடுகளில் "எங்களுக்கு வேண்டாம், டவுனில் பார்த்துக்கறோம்" என்ற பதில். கையை நீட்டினால் பட்டை சுற்ற அவள் தொட வேண்டுமே! செயலியில் அது அவளுடைய இலக்குக் குறைவாகத்தான் விழுகிறது. 'சாதி காரணமாக அனுமதி மறுப்பு' என்று காரணம் தேர்வு செய்ய ஒரு வரி வைத்தால்தான் என்ன? அந்த வரியை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று தெரிந்தால், யாருக்கு ஆலோசனை தேவை என்பது மேற்பார்வையாளருக்கும் தெரிந்துவிடும்.

கிராம சுகாதார செவிலியர்களும் கணினிப் பதிவுச் சுமையை எதிர்த்துப் பலமுறை போராடியிருக்கிறார்கள். பகலில் களம், மாலையில் பேரேடு, இரவில் கைப்பேசி. அரியானாவில் 2021-ல் ஆஷா பணியாளர்கள், தங்களுக்குக் கொடுத்த கைப்பேசியில் இருக்கும் இடத்தைப் பின்தொடரும் செயலியை ஏற்ற மறுத்துப் போராடினார்கள். சண்டிகரில் துப்புரவுப் பணியாளர்கள் கையில் இடங்காட்டும் கடிகாரம் கட்டினார்கள். தங்கள் அந்தரங்கம் போய்விடும் என்று பெண் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மேற்பார்வை என்றால் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது, குறையைக் கேட்பது, தேவையான மருந்தும் கருவியும் வந்ததா என்று பார்ப்பது. கடைநிலைப் பெண் எங்கே நிற்கிறாள் என்று புள்ளி வைத்துப் பார்ப்பதை வேவு என்றுதான் சொல்ல வேண்டும். செவிலியர் காலனிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்கிற நாம், அவர் கழுத்தில் கயிறு கட்டச் சொல்லவில்லை.

இடம்பெயரும் குடும்பங்களின் கதையைப் பார்த்தால் இது புரியும். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஊரில் செவிலியர் திரையில் அவள் பெயர் 'பரிசோதனை நிலுவை' என்று நிற்கும். அதற்கு இவருக்குத் திட்டு விழும். அவளோ திருவள்ளூர் பக்கம் ஏதோ ஒரு சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருப்பாள். பிக்மி எண் மாநிலம் முழுவதும் செல்லும். ஆக, இங்கிருந்து கிளம்பியவள் அங்குள்ள செவிலியரின் பட்டியலில் மறுநாளே வந்துவிட வேண்டும், 'உங்கள் எல்லைக்குள் இருக்கும் சூளைகளுக்குப் போனீர்களா?' என்று அந்த வட்டாரத்தில் கேட்க வேண்டும். மின்னணுக் கருவியால் நமக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய நன்மை இதுதான். பேரேட்டால் ஒருநாளும் இதைச் செய்ய முடியாது.

கடைசியாக, படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சுகாதாரத் துறையினரும் வருவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாக வட்டார மருத்துவ அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். யாருடைய பெயரும் நோயும் கேட்கக் கூடாது. அது அவரவர் அந்தரங்கம். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். நம் ஊராட்சியில் கடந்த ஓராண்டில் பதிவான கர்ப்பிணிகள் குடியிருப்பு வாரியாக எத்தனை, அவர்களில் நான்கு பரிசோதனையும் முடிந்தவர்கள் எத்தனை, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குச் சென்று பார்த்தது எத்தனை, ஒவ்வொரு குடியிருப்புக்கும் செவிலியரின் பயண நாட்கள் எவை. பதில் வந்தால் பெரிய எழுத்தில் எழுதிக் கிராம சபையில் வாசியுங்கள். 'குடியிருப்பு வாரியாகப் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் வாசியுங்கள், வாசித்துவிட்டு அப்படிப் பராமரிக்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.