பிரேக் ஆயிலும் உப்பு மோரும்

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜிஎஸ்டி சாலையை விட்டு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பினால் வழியெல்லாம் வண்டித் தொழில்தான். ஒரகடம் வட்டாரத்தில் மட்டும் ராயல் என்ஃபீல்டு, யமஹா, அப்போலோ டயர்ஸ் ஆலைகளோடு அரசின் வாகனச் சோதனை மையமும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னைப் பக்கம் சற்றுத் தூரம் வந்தால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 வாக்கில் இங்கே இடம் மாறியது. இங்குள்ள பந்தயத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12.

பந்தயம் இல்லாத சில நாட்களில், பணம் கட்டி, தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் அதே பைக்கை இந்தத் தடத்தில் ஓட்டலாம். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். பரிசு கிடையாது. எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். குறுக்கே மாடு வராது, எதிரே லாரி வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். ஞாயிறு விடிகாலையில் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆக்சிலரேட்டரை முறுக்கும் இளைஞர்களுக்கு இந்தப் பாதுகாப்பில் ஒன்றுகூட இல்லை.

முதன்முறை போகிறவர் மெக்கானிக்கிடம் கேட்பது பெரும்பாலும் சைலன்சரைப் பற்றித்தான். பணத்தை அங்கே போடுவது வீண் என்பேன். தடத்தில் பைக்கைச் சோதிப்பது வேகத்தைவிட வெப்பம்தான், அது முதலில் கைவைக்கும் இடம் பிரேக்.

ஓட்டுபவரையும் சேர்த்து 260 கிலோ எடை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,44,000 ஜூல். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வளைவுக்கு முன் வேகத்தை 60 ஆகக் குறைத்தால் பாதி ஆற்றல் போகிறது என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் உண்மையில் முக்கால்வாசி போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி சில நொடிகளில் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

சூடு பேடைக் கடந்து காலிபரில் உள்ள பிரேக் ஆயிலைத் தொடுகிறது. பெயர்தான் ஆயில், பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அதற்கு ஒரு குணம் உண்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். டாட்-4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. கடலோரப் புழுக்கத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் ஓட்டும்வரை குறை தெரியாது. தடத்தில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், வாயு சுருங்கிக்கொடுக்கும். லீவரைப் பிடித்தால் அது கைப்பிடிவரை வந்து இடிக்கும், வண்டி நிற்காது. ஆகவே சீல் பிரிக்காத பாட்டிலிலிருந்து புது ஆயில் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் பிளீட் செய்யச் சொல்லுங்கள். கடையில் பாதி தீர்ந்த பாட்டில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

டயரின் கணக்கு பள்ளி இயற்பியல். காலையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ காற்று பிடிக்கிறீர்கள். ஓடி ஓடி உள்ளிருக்கும் காற்று 70 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 39ஐத் தாண்டும். டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால்தான் தடத்தில் சற்றுக் குறைத்துத் தொடங்கி, இறங்கியவுடன் சூட்டோடு அளந்து சரிசெய்கிறார்கள். எவ்வளவு குறைப்பது என்பது டயருக்கு டயர் மாறும்; தயாரித்தவரின் பரிந்துரையைக் கேளுங்கள். பங்க்சர் கடை மீட்டரை நம்பாமல் சொந்த மீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

மற்றதெல்லாம் கழற்றும் வேலை. 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் சாய்வு 25 டிகிரி. 80இல் போனால் 40 டிகிரி. அவ்வளவு சாயும்போது லெக் கார்டோ சென்டர் ஸ்டாண்டோ தரையில் முட்டினால் டயரையே தூக்கிவிடும். சாரி கார்டு, நம்பர் பிளேட், கண்ணாடிகள் எல்லாவற்றையும் தடத்துக்கு வந்ததும் கழற்றி வையுங்கள். பின்னால் வருபவரைப் பற்றிக் கவலை வேண்டாம், முந்துவது அவர் பொறுப்பு. விழுந்தால் சில்லு சிதறாமல் இருக்க விளக்குகளின் மேல் டேப் ஒட்டுவார்கள். கூலன்ட்டை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் தடங்கள் உண்டு. கூலன்ட்டிலுள்ள கிளைக்கால் தரையில் சிந்தினால் வழுக்கும், தண்ணீர் காய்ந்துவிடும். ஆயில் டிரெய்ன் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள், அது கழன்றால் விழப்போவது நீங்கள் மட்டுமல்ல.

ஸ்பீடோமீட்டரின் மேலும் டேப் ஒட்டச் சொல்வார்கள். 120இல் ஒரு நொடிக்கு 33 மீட்டர் போய்விடுகிறீர்கள். முள்ளைப் பார்க்கும் நேரத்தில் வளைவு வந்துவிடும். அமெரிக்கப் பயிற்றுநர் கீத் கோட், கவனத்தைக் கையிலிருக்கும் பத்து டாலராக நினைத்துக்கொள்ளச் சொன்னார்: ஒன்றில் செலவழித்தால் மற்றதற்கு இருக்காது. அவருடைய பள்ளி இருங்காட்டுக்கோட்டையிலும் வகுப்பு நடத்தியிருக்கிறது.

கடைசியாக, ஓட்டுபவரின் சூடு. முழு லெதர் சூட், கையுறை, பூட், முகம் மூடிய ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் தோலுக்குள் தோலாக அடைபட்ட உடல் எப்படி ஆறும்? ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். ஆவியாகாமல் வழிந்து பூட்டுக்குள் இறங்கினால் உப்பும் நீரும்தான் நஷ்டம், குளிர்ச்சி இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். தலை கிறுகிறுக்கும் முன்பே பிரேக் பிடிக்கும் இடம் தள்ளிப்போகத் தொடங்கும், ஓட்டுபவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறை தடத்தைவிட்டு வெளியே வந்ததும் லெதர் சூட்டின் ஜிப்பை இறக்கி நிழலில் உட்கார்ந்து உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முந்தின இரவின் தூக்கமும் இந்தத் தயாரிப்பில் சேர்ந்ததுதான்.

சாயங்காலம் வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் ஏறியாக வேண்டும். நாள் முழுக்க வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் ஊர்வதுபோல் தெரியும், அதை நம்ப வேண்டாம். டயருக்கு உடனே காற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மறுநாள் காலை ஆறிய டயரில் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். அம்மா பின்னால் உட்காருவார் என்றால் சாரி கார்டையும் மாட்டிவிடுங்கள்; அது சட்டமும்கூட.