சாதுவான கறுப்புக் குதிரை விற்பனைக்கு... வாங்கலாமா?

‘சாதுவான கறுப்புக் குதிரை. சவாரிக்கு ஏற்றது. உடனடி விற்பனை.’ இப்படியொரு விளம்பரத்தைச் செல்போனில் காட்டினார், வில்லியனூர் பக்கத்து விவசாயி ஒருவர். “மக ரொம்ப நாளா கேக்குறா சார். கரும்புப் பணம் கையில இருக்கு. வாங்கிடலாமா?” என்றார். நான் பயிருக்குப் பதில் சொல்பவன். ஆனாலும், கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். அது உங்களுக்கும் உதவும்.

முதலில் நிறம். 2022-ம் ஆண்டில் பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டத்தில் ஒருவர், 22 லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபேசி கறுப்புக் குதிரை வாங்கினார். வீட்டில் குளிப்பாட்டியதும் சாயம் கரைந்து, பழுப்புக் குதிரையாகிவிட்டது. அதனால், ஈரத் துணியால் உடம்பை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அசல் கறுப்பும் வெயிலில் வெளிறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, ‘சாது’ என்ற சொல். மயக்க ஊசி போட்ட குதிரையும் சாதுதான். பட்டினி கிடக்கும் குதிரையும் சாதுதான். எனவே, இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒருமுறை சொல்லாமல், விடியற்காலையில் போங்கள். உங்கள் கண் முன்னால் சேணம் பூட்டச் சொல்லி, விற்பவரை முதலில் ஏறி ஓட்டச் சொல்லுங்கள். நான்கு குளம்புகளையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கெட்டியான தரையில் மெதுவாக ஓடவிடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். இரண்டரை வயதில் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கும். ஐந்து வயதில் எல்லா முன்பற்களும் நிலைப்பற்களாக இருக்கும். மேல்தாடையின் ஓர முன்பல்லில் சுமார் 10 வயதில் ஒரு பள்ளக்கோடு தோன்றி, 20 வயதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கிவிடும்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரைகளும் விற்பனைக்கு வரும். அங்கே சுழி பார்ப்பவர்கள் அதிகம். பார்க்கட்டும்; ஆனால், நல்ல சுழி நொண்டிக் காலைச் சரி செய்யாது.

பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் ஊரில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ‘கிளாண்டர்ஸ்’ நோய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். இது மனிதருக்கும் தொற்றும். சிகிச்சை கொடுத்துக் காப்பாற்ற முயலாமல், நோய் உறுதியான குதிரையை அழித்துவிடுவதே நடைமுறை. டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும்.

தீவனத்தில்தான் மாடு வளர்ப்பவர்கள் தவறு செய்கிறார்கள். குதிரை அசைபோடாது, வாந்தியும் எடுக்காது, இரைப்பையும் சிறியது. ஒரேயடியாகத் தானியம் கொட்டினால் வயிற்றுவலி வந்து உயிரே போகும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் 7 முதல் 8 கிலோ உலர் எடை அளவுக்குத் தீவனம் தேவை. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கம்பு நேப்பியர் மட்டுமே கொடுத்தால், அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், எலும்பு பலவீனமாகும். பெயரிலேயே குதிரை இருக்கும் குதிரைமசாலையும், அருகம்புல்லையும் கலந்து கொடுங்கள். சில மாட்டுத் தீவனம், கோழித் தீவனங்களில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும். நம் கடலோரப் புழுக்கத்துக்கு நிழலும், உப்புக்கட்டியும், 30 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும்.

வில்லியனூர்க்காரர் சொல்லாமல் விடியற்காலையில் போனார். குதிரை கறுப்புதான், சாதுதான். ஆனால், ஓடவிட்டபோது தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டதாம். பணத்தோடு திரும்பிவிட்டார். “மக அழுதா சார். இப்ப அவளே பல்லு பாக்கக் கத்துக்கிட்டா. அடுத்த ஆடிக்கு அந்தியூர் போறோம்” என்கிறார்.