வேலை மட்டும் போதுமா?

"சாமி, இவனுக்கு எப்படியாவது ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், திருந்திவிடுவான்." வழிதவறிய மகனை முன்னே நிறுத்திக்கொண்டு பங்குத் தந்தையின் வாசலில் இவ்வாறு கண்ணீர் வடிக்கும் தாய்மார் எத்தனை பேர்! நானும் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்ததென எண்ணியதுண்டு. ஆனால், வேலை ஒன்றே ஓர் இளைஞனைத் திருத்திவிடுமா? அமெரிக்க நாட்டுப் பங்கு ஒன்றின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் உள்ளது தொலோரெஸ் மிஷன் பங்கு. 'தொலோரெஸ்' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு வியாகுலங்கள் என்பது பொருள். 1986-இல் இயேசு சபைக் குரு கிரகோரி பாயில் அங்குப் பங்குத் தந்தையானார். பங்கு மக்கள் ஏழைகள். பலர் அரசு கட்டிய இரு பெருங் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்கே எட்டு இளைஞர் கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தன. இப்பகைக்குப் பலியான இளைஞன் ஒருவனைத் தந்தை முதன்முதலாக அடக்கம் செய்தது 1988-இல். அன்று முதல் அவர் அடக்கம் செய்தோர் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள்.

அவ்வாண்டில் பங்கு விழித்தெழுந்தது. பள்ளிகள் ஒதுக்கிய பிள்ளைகளுக்காகக் கன்னியர்கள் தங்கள் உறைவிடத்தையே விட்டுக்கொடுத்தனர். அது மாற்றுப் பள்ளியாயிற்று. தாய்மார் துண்டுப் பிரசுரங்களை ஏந்தி, சுற்றிலுமிருந்த தொழிற்சாலைகளுக்கு நடந்து சென்று வேலை கேட்டனர். போதிய வேலை கிடைக்காதபோது, குழந்தைகள் காப்பகம் கட்டும் பணியைப் பங்கே அவ்விளைஞரிடம் ஒப்படைத்தது. 1992-இல் திரைப்படத் தயாரிப்பாளர் ரே ஸ்டார்க் அளித்த பொருளுதவியால் ஒரு பேக்கரி எழுந்தது. நேற்றைய பகைவர் அங்கே அருகருகே நின்று மாவு பிசைந்தனர்.

ஆயினும், தந்தை பாயில் ஒன்றைப் பட்டறிந்தார். வேலை கிடைத்தவர்களிலும் சிலர் இடர் வந்தபோது மீண்டும் சிறை புகுந்தனர். கையிலே ஊதியம் இருந்தது. நெஞ்சிலே சிறுவயதுக் காயம் ஆறாதிருந்தது. எனவே 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என வளர்ந்த அந்நிறுவனம், வேலையைச் சுற்றிப் பிற உதவிகளையும் வேலிபோல் அமைத்தது. மன ஆறுதல், போதையிலிருந்து விடுதலை, கல்வி, சட்ட உதவி, குழந்தை வளர்ப்பு வகுப்பு ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கின்றன. கும்பலின் அடையாளமாகக் குத்திய பச்சையை மருத்துவர்கள் லேசர் கருவியால் இலவசமாக அகற்றுகின்றனர். ஊதியத்துடன் கூடிய பயிற்சி 18 மாதங்கள் நீடிக்கிறது. 2024-இல் அமெரிக்க அதிபர் தந்தை பாயிலுக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கினார்.

ஒரு பங்கு அனுபவத்தால் கண்டறிந்த இவ்வுண்மையை அரசு அலுவலகமும் கைக்கொள்ள முடியும். அதே நாட்டின் மில்வாக்கியில் 1995-இல் தொடங்கிய திட்டம் இதற்குச் சான்று. மனநலக் கோளாறாலும் குற்றத்தாலும் விடுதிகளுக்கு அனுப்பப்படும் நிலையிலுள்ள பிள்ளைகளுக்கானது அது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று பெற்றோர் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. ஒரு பணியாளர் எல்லாரையும் ஒன்றுகூட்டி, குடும்பத்தையும் உடன் அமர்த்தி, ஒரே திட்டம் வகுக்கிறார். குறைகளை மட்டுமன்றி, அக்குடும்பத்தின் நிறைகளையும் கேட்டறிந்தே திட்டம் பிறக்கிறது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதன்று, வீட்டோடு சேர்த்துத் தாங்குவதே அதன் நோக்கம்.

அன்பார்ந்த பெற்றோரே! ஞாயிறு திருப்பலியில் நம்மருகே முழந்தாளிடுவோரைப் பாருங்கள். ஆசிரியர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், பட்டறை வைத்திருப்பவரும் இருக்கிறார். ஆயினும், கண்ணீரோடு வரும் தாய் ஒருத்தி இவர்கள் ஒவ்வொருவரின் வாசலுக்கும் தனியாகவே நடக்கிறாள். இவர்கள் நால்வரும் ஒருநாள் மாலை சேர்ந்து அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் என்ன?

தவறிய ஆட்டைத் தேடிச் சென்ற ஆயர், அதற்கு வழி சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. தோளில் சுமந்து வந்தார். இனி என் வாசலுக்கு வரும் மகனிடம், "என்ன வேலை தெரியும்?" என்பதற்கு முன், "வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள், தம்பி?" என்று கேட்கத் தீர்மானித்திருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.