எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. வன்னி நிலத்து வாக்காளரும் சனாதிபதித் தேர்தல் தோறும் இதனையே கேட்கின்றனர். இரு வேட்பாளரும் வேண்டாதவராயின், தீமை குறைந்தவருக்குப் புள்ளடி இடுவதா, கொள்கையைக் காத்து வீட்டில் இருப்பதா?

விலகி நிற்றல் தமிழருக்குப் புதிதன்று. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வன்னியைச் சேர்ந்த மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதியிலோ தேர்தல் நடந்தது. காரணத்தை ஊரறியச் சொல்லி, வாதாடி, மக்களை இணங்கவைத்துச் செய்த காரியம் அது. ஆயினும் 1934இல் அந்நான்கு ஆசனங்களும் இடைத்தேர்தலால் நிரப்பப்பட்டன.

2005 நவம்பர் 17இன் கதை வேறு. மகிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் போட்டியிட்ட அத்தேர்தலில் தமிழருக்கு அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகள் அறிவித்தனர். அவர்தம் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாக்குச்சாவடி இல்லை. எல்லை கடந்து சென்றே வாக்களிக்க வேண்டும். கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரேயொரு வாக்கு! கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் ஏழு இலட்சம் பெயர்கள் இருந்தன. வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மகிந்த வென்றதோ நாடு முழுவதிலும் ஏறத்தாழ 181,000 வாக்குகளால். மறு ஆண்டே போர் மூண்டது.

ரணில் வென்றிருப்பின் போர் மூண்டிராது என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அதனைக் கொள்கை வழிப் பகிஷ்காரம் என்று போற்றவும் நமக்கு மனம் வரவில்லை. போக விரும்பியவனும் போக அஞ்சிய இடத்தில் போகாதிருத்தல் எங்ஙனம் கொள்கையாகும்? அச்சத்தால் இருந்தவன், கொள்கையால் இருந்தவன், வயல் வேலையால் இருந்தவன் யாவரும் வாக்கெண்ணுவோர் கணக்கில் ஒன்றே.

போர் முடிந்த எட்டாம் மாதம், 2010 சனவரி 26இல், வந்த தேர்தல் இன்னும் கொடிது. ஒருபுறம் போரை நடத்திய சனாதிபதி. மறுபுறம் அதே போரின் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பத்துக்கு நால்வரே வாக்களித்தனர். அவருட் பெரும்பாலோர் தளபதிக்கே இட்டனர். அதனை அன்பென்று எவரும் எண்ணற்க. 2015இல் அம்மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் வாக்களித்து, மைத்திரிபால சிறிசேனவை ஆதரித்தனர்.

வாக்குச்சீட்டிலேயே மூன்றாவது வழியொன்று உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, மூவருக்கு மேற்பட்டோர் போட்டியிட்டால் 1, 2, 3 என விருப்பு வரிசை இடலாம். கொள்கைக்கு முதலாவது, தீமை குறைந்தவருக்கு இரண்டாவது. 2024 செப்டெம்பர் 21இல் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். எவருக்கும் அரைப்பங்குக்கு மேல் கிட்டாமையால் விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. அவருக்கு முதலிடம் தந்து, முன்னணியில் நின்ற இருவருள் ஒருவருக்கு 2 என்று இட்டிருந்தோரின் சீட்டு மீண்டும் மேசைக்கு வந்தது. புள்ளடி ஒன்றோடு நிறுத்தியோரின் சீட்டு அத்தோடு நின்றது.